கூரையை மறக்காத கல்

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் பூசை கதவுக்குத்தான். கருவறை திறக்கப்படுவதில்லை. சாத்திய கதவுக்கு மாலை சாத்தி, சாத்திய கதவுக்கே தீபாராதனை காட்டுகிறார்கள். மகாசிவராத்திரித் திருவிழாவில் திரளும் பெருங்கூட்டமும் அந்தக் கதவைக் கும்பிட்டுவிட்டே போகிறது. கதவுக்குப் பின்னால் இருப்பது புல் வேய்ந்த குச்சுவீடு. மஞ்சளாற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டியை மூங்கில் தடுத்து நிறுத்தியது, அதில் வந்தவள் அம்மன் என்று ஊர் சொல்கிறது. சுற்றிலும் மதிலும் மண்டபமும் எழுந்த பிறகும், நடுவில் அம்மன் இருக்கும் வீடு கூரைவீடாகவே இருக்கிறது.

தமிழகக் கோயில் கட்டடக்கலையைப் பற்றிப் பேசுபவர்கள் மாமல்லபுரத்திலோ தஞ்சையிலோ தொடங்குவார்கள். நான் தேனி மாவட்டத்தின் இந்தக் குச்சுவீட்டில் தொடங்கக் காரணம் உண்டு. நம் கற்கோயில்கள் யாவும் இப்படியொரு வீட்டைப் பார்த்து வளர்ந்தவை. விமானச் சுவர் முடியும் இடத்தில் வெளியே வளைந்து இறங்கும் கல் விளிம்பைக் கபோதம் என்பார்கள். மழைநீர் சுவரில் வழியாதபடி கூரைவீட்டில் இறக்கிவிடும் தாழ்வாரத்தின் கல்வடிவம் அது. கபோதத்தின் மேல் வரிசையாக அமைந்த லாட வடிவக் கூடுகள், மூங்கிலை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த கூண்டுக்கூரையின் முகப்புகள். தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே போதிகை வைப்பது தச்சன் மரத்தில் கண்ட உத்தி. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தில் குடிசையின் நான்குபக்கக் கூரையே பாறையாக நிற்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டுக் குடைவரையில் எழுதிவைத்தான். பொருள் மாறியது, ஆனால் அவனுக்குப் பின் வந்த சிற்பிகள் மரமும் புல்லும் கொடுத்த வடிவங்களைக் கைவிடவில்லை.

அடுத்து வந்த ஆயிரம் ஆண்டுகளில் அந்த வடிவங்கள் எத்தனையோ முறை மாறின. ஒவ்வொரு முறை மாறும்போதும் முந்தையது ஏதேனும் ஓர் உறுப்பில் தங்கியது. இடைக்காலக் கட்டடக்கலையின் வளர்ச்சி என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். இதைப் பார்க்க இதே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைப்போல் நல்ல இடம் குறைவு. இது எந்தப் பேரரசுக்கும் தலைநகரமாக இருந்ததில்லை. தலைநகரில் ஒரே அரசன் ஒரே மூச்சில் கட்டிமுடிப்பான். தஞ்சைப் பெரிய கோயில் அப்படி எழுந்து 1010-இல் குடமுழுக்குக் கண்டது. பள்ளத்தாக்கின் கோயில்களை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டின. ஒருவர் கருவறை எடுத்தார், இன்னொருவர் மண்டபம் சேர்த்தார், மற்றொருவர் மதில் வைத்தார். எல்லாரும் ஒரே கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அவர்களை அடையாளம் காண ஒரு வழியைக் காட்டியவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ராய். 1914-இல் வெளிவந்த தம் ஆய்வில் அவர் அரச வம்சங்களின் பட்டியலைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு உறுப்புகளைப் பார்த்தார். நம் சிற்பிகளிடமே பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். போதிகை எப்படி மாறுகிறது, கூடு எப்படி மாறுகிறது, சுவர் மாடம் எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்தினார். பல்லவர் காலப் போதிகை அலையலையாக வரி போட்டு வளைந்திருக்கும். அது தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை நீளும். அது வெட்டுப் போதிகை. பிறகு அந்த முனை கீழே வளையத் தொடங்குகிறது. விசயநகர, நாயக்கர் காலத்தில் அதே முனை தலைகீழாகத் தொங்கும் வாழைப்பூபோல் மொட்டாகிவிடுகிறது; அது பூமுனைப் போதிகை. கல்வெட்டு இல்லாத மண்டபத்திலும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் கட்டியவர்களின் காலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். இந்தப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, நூலகம் வேண்டாம். சாமி கும்பிட வந்த யாரும் பிரகாரம் சுற்றும்போதே படிக்கலாம்.

ஊர்கள் இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கட்டப் பள்ளத்தாக்கின் அமைப்பும் ஒத்துழைத்தது. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். நடுவே முல்லையாறும் சுருளியாறும் பாய்ந்து வைகைக்குப் போகின்றன. குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் சேரநாட்டுக்கு வழிவிடுகின்றன. நீரும் வழியும் உள்ள இடத்தில் ஊர் நிலைக்கும். ஊர் நிலைத்த இடத்தில் கல் நடுவது இங்கே மிகப் பழைய வழக்கம். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனைக் கூடலூரோடு சேர்த்துச் சொல்கிறது ஒரு கல். கோயிலுக்கு வெகுகாலம் முன்பே, பெயரும் நினைவும் கல்லில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்தது.

சின்னமனூர் இடைக்காலத்தில் அளநாட்டு அரிகேசரிநல்லூர். பாண்டியன் அரிகேசரியின் பெயர் தாங்கிய பிரமதேய ஊர். இங்கே கிடைத்த செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றின் முதுகெலும்புகளில் ஒன்று. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு இரண்டாம் இராசசிம்மன் காலத்தது; பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டவை. மதுரையில் சங்கம் நிறுவியதையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் குலத்தின் பெருமையாகச் சொல்லிவிட்டு, நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரைக் கொடையாக அளித்ததைப் பதிவுசெய்கிறது அந்த ஏடு. பழம்பெருமை முழுவதையும் சொன்ன பிறகே இன்றைய கொடைக்கு வருகிறது. அக்காலத்துக் கல்வேலையும் இதே ஒழுங்கில்தான் நடந்தது.

அந்த அரசனின் காலம் நீடிக்கவில்லை. முதலாம் பராந்தக சோழன் மதுரையைக் கொண்டான். இராசசிம்மன் முடியை ஈழத்தில் விட்டுவிட்டுத் தாய்வழிச் சேரநாட்டுக்குப் போனான். நூறாண்டு கழித்து இராசராசப் பாண்டிநாடு என்று சோழர் பெயரிட்ட நிலப்பரப்பில் இந்தப் பள்ளத்தாக்கும் அடங்கியது. ஆள்பவர் மாறியதும் வட்டெழுத்து மெல்லப் பின்வாங்கித் தமிழெழுத்து கல்வெட்டில் வந்தது. கோயில் உறுப்புகளில் சோழர் வழக்கம் கலந்தது. ஆயினும் சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரருக்கு ஊர் சொல்லும் தலபுராணம் இராசசிம்மனைத்தான் முன்னிறுத்துகிறது. பார்க்கிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி லிங்கம் காட்சி தரும் என்பதால் சாமிக்கு அளவுக்கு அளவானவர் என்ற பெயரும் உண்டு. கோயிலை மக்கள் சிவகாமியம்மன் கோயில் என்றே அழைக்கிறார்கள். செப்பேடு ஓர் அரசனை நினைக்கிறது, தலபுராணம் ஒரு வியப்பை நினைக்கிறது, தெருப்பேச்சு அம்மனை நினைக்கிறது. ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை.

அங்கிருந்து சிறிது தொலைவில் உத்தமபாளையம். ஊருக்கு அருகிலுள்ள பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் புடைப்பாக இருக்கிறார்கள். பாம்பின் படம் குடையாக விரிந்த பார்சுவநாதர், முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அவற்றில் அச்சணந்தியின் பெயரும் அரிட்டநேமியின் பெயரும் வருகின்றன. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் மீண்டும் மீண்டும் வரும் சமணத் துறவியின் பெயர் அச்சணந்தி. பழனிக்கு அருகே ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 எனக் காலம் குறித்த கல்வெட்டு இருக்கிறது. அந்த நூற்றாண்டையொட்டிப் பாண்டிநாட்டுச் சமணம் பாறைகளில் செழித்திருந்தது. சைவ, வைணவக் குடைவரைகளும் அதே கைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவை. மதுரை ஆனைமலை நரசிங்கர் குடைவரை 770-இலும் திருப்பரங்குன்றத்துக் குடைவரை 773-இலும் எழுந்தன. உத்தமபாளையத்தில் சமணம் ஓய்ந்த பிறகு பாறையடியில் கருப்பண்ணசாமி வந்தமர்ந்தார். தீர்த்தங்கரர்களை யாரும் கொத்தி எறியவில்லை. பாறைக்குப் பெயர் மாறியது, உருவங்கள் நின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அவற்றைப் படிக்க முடிவது அந்தப் பொறுமையால்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் மீண்டும் எழுந்தபோது கட்டடக்கலையின் எடை இடம் மாறியது. சோழர் விமானத்தை உயர்த்தினார்கள்; பிற்காலப் பாண்டியர் வாயிலை உயர்த்தினார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரம் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எழத் தொடங்கியது. இதற்குப் பின்னால் இருந்தது வெறும் ரசனை மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. பாடல்பெற்ற பழைய கருவறையை இடித்துப் பெரிதாக்க மனம் வரவில்லை. சின்னக் கருவறையை அப்படியே விட்டு, மரியாதையைச் சுற்றுமதிலிலும் வாயிலிலும் காட்டினார்கள். கோயில் வெளிநோக்கி வளர்ந்தது. வெளியே வளர வளரத் திருவிழாவும் தேரும் தெருவும் கோயிலின் அங்கங்களாயின. பள்ளத்தாக்கின் ஊர்களில் தேரடியும் ரதவீதியும் ஊரின் நடுவாக நிற்பது இந்த வளர்ச்சியின் பின்விளைவு.

1335 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மதுரை சுல்தான்கள் கையில் இருந்தது. விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுப்போடு அந்தப் பேரரசு தெற்கே வந்தது. 1529-ஐ ஒட்டி மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி தொடங்கியது. நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. போடிநாயக்கனூர் அவற்றில் ஒன்று. கம்பளத்தாரும் ஒக்கலிகரும் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். அவர்கள் பேசிய தெலுங்கும் கன்னடமும் இன்றும் கம்பம், போடி வீடுகளில் கேட்கிறது. அவர்களோடு ஒரு கட்டட வழக்கமும் வந்தது. ஒரே கல்லில் முதன்மைத் தூணும் அதை ஒட்டிய சிறுதூண்களுமாகச் செதுக்கும் அணியொட்டிக்கால், பாயும் யாளி, பூமுனைப் போதிகை, திருக்கல்யாணத்துக்கென்று தனி மண்டபம். கம்பத்தில் கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் ஒரே வளாகத்துக்குள் இருக்கிறார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு நாலடி நடந்தால் சிவன். சமயப் பூசல்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். இரு சன்னிதிகளையும் ஒரே மதிலுக்குள் வைத்துக் காத்துவந்த ஊரின் முடிவும் வரலாறுதான். போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களின் இராமாயண ஓவியங்களில் இந்த நாயக்க மரபு கல்லிலிருந்து வண்ணத்துக்குப் போனது.

இவை அனைத்துக்கும் எதிர்நிலையில், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இடிந்து கிடக்கிறது. கேரள எல்லை, புலிகள் காப்பகம், இரு மாநில வழக்கு என்ற சிக்கல்களுக்கு நடுவே ஆண்டுக்கு ஒருநாள், சித்திரா பௌர்ணமியில் மட்டும் மக்கள் ஏறுகிறார்கள். 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதைச் சிலப்பதிகாரக் கண்ணகியின் கோட்டம் என்று அறிவித்தார். கட்டடத்தைப் படிப்பவர்களுக்கு அந்த இடிபாடு வேறொன்றையும் கற்பிக்கிறது. இங்கே சுவர் பிளந்திருப்பதால் உள்ளே என்ன என்று தெரிகிறது. சாந்து இல்லாமல் கல்லின் எடையாலேயே கல் நின்றது. மூட்டுவாய்கள் எப்படிப் பொருத்தப்பட்டன, அடித்தளத்தின் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்ளே புகுந்திருக்கிறது என்றெல்லாம், முழுதாக நிற்கும் கோயில் காட்டாததை இது காட்டுகிறது. ஆனால் படிக்க வேண்டியவர்கள் வந்து படிப்பதற்குள் மரவேர் ஒவ்வொரு மழையிலும் ஒரு கல்லை நகர்த்துகிறது. இரு மாநிலங்களும் எல்லைக்கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். கற்களை எண்ணிட்டு, படமெடுத்து, விழுந்ததை விழுந்த இடத்தில் காப்பது இருவருக்கும் பொதுவான வேலை.

பழையதை எல்லாரும் எப்போதும் காத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இடைக்காலத்தில் செங்கல் கோயில்களைப் பிரித்துக் கற்றளியாக்கியது பெரிய இயக்கமாகவே நடந்தது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி காவிரிக்கரையில் கோயில் கோயிலாகக் கல்லால் எடுப்பித்தார். திருக்கோடிகாவலில் பழைய கட்டடம் பிரிக்கப்பட்டபோது அதிலிருந்த கல்வெட்டுகளைப் படித்து, புதிய சுவரில் மறுபடி வெட்டிவைக்கச் செய்தார். பழைய கொடையாளிகளின் விளக்குகளும் ஆடுகளும் நிலங்களும் புதிய கல்லுக்குக் குடிபெயர்ந்தன. தம் கட்டடத்தில் அடுத்தவர் பெயரைப் பொறிக்க இடம்விட்ட பேரரசி அவர். திருப்பணி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

ஜப்பானில் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துப் பக்கத்து மனையில் அதே அளவில், அதே மரத்தில், அதே புற்கூரையோடு கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அங்கே எந்த மரக்கட்டையும் பழையதில்லை. ஆனால் கட்டும் கை பழையது. தாத்தாவின் வேலையைப் பேரன் தொட்டுக் கற்றுக்கொள்ளும் இடைவெளியில் இருபது ஆண்டு அமைந்திருக்கிறது. புதுப்பிப்பதில் குற்றமில்லை என்பதற்கு இசே சான்று. எதைத் தெரிந்து வைத்துக்கொண்டு புதுப்பிக்கிறோம் என்பதே கேள்வி. நமக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்ற வழக்கம் இருக்கிறது. கைவேலையைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்த அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. அந்த ஏற்பாட்டையே கடந்த சில பத்தாண்டுகளில் கோயிலுக்கு எதிராகத் திருப்பிவிட்டோம்.

குடமுழுக்கு நாள் குறித்ததும் நடப்பது எல்லாருக்கும் தெரியும். பிரகாரத் தரையை மேடாக்கிப் பளிங்கு பதிக்கிறார்கள். அதிட்டானம் எனும் அடித்தளத்தின் கீழ்வரிகள் மண்ணுக்குள் போகின்றன. அந்த வரிகளில் ஒன்றான குமுதம் எண்பட்டையா உருட்டா என்று பார்க்க இனி வழியில்லை. பழைய தரைக்கல்லில் எழுத்து இருந்திருந்தால் அது டைல்ஸுக்கு அடியில். தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள்; கல்லின் சுவாசம் அடைபட்டு மேற்பரப்பு பொரியாக உதிர்கிறது. மணல் வீச்சால் சுத்தம் செய்கிறோம் என்று அழுக்கோடு எழுத்தையும் உளிக்கோட்டையும் சேர்த்துச் சீவுகிறார்கள். தடைகள் வந்த பிறகும் அது நின்றபாடில்லை. போதிகையில் ஆணி அடித்து ஒயர் இழுக்கிறார்கள். மண்டபத்துக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு நிழலில் சிற்பங்களை மூழ்கடிக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தானே முன்வந்து எடுத்த வழக்கில் 75 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. தீர்ப்பு வந்துவிட்டது. சிறு ஊரின் திருப்பணிக் குழுவுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் வரவில்லை.

இதைச் செய்பவர்கள் கோயிலின் பகைவர்கள் அல்லர். ஒரு வெள்ளாமைப் பணத்தைச் சாமிக்கு என்று எடுத்துவைக்கும் விவசாயி, திருப்பூரிலிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பும் பையன், பளிங்குத் தரையில் அம்மன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பாட்டி. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை நிறைந்த பிறகு 14,707 ஏக்கர் இருபோகம் விளைந்த மண் இது. வயல் விளைந்தால் கோயிலுக்குக் கொடுப்பது இங்கே ரத்தத்தில் இருக்கிறது. அரிகேசரிநல்லூரில் விளக்கெரிக்கக் கொடுத்தவர்களும் இதே ஆசையில்தான் கொடுத்தார்கள். ஆசை மாறவில்லை. அந்த ஆசையைக் கேட்டு, எது எந்தக் காலத்தது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லக்கூடிய சிற்பியும் சபையும் ஊரில் இல்லாமல் போய்விட்டார்கள். அந்த இடத்தை ஒப்பந்தக்காரர் நிரப்புகிறார்.

ஆகவே நான் கேட்பது பெரிய நிதியோ புதிய சட்டமோ அல்ல. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பழைய கோயிலிலும், திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்யும் முன் ஒரு மாதம் வேலை நடக்கட்டும். தூண் தூணாகப் படமெடுங்கள். போதிகை வகையையும் குமுதத்தின் வடிவையும் எழுதிவையுங்கள். கல்வெட்டுகளை மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையைக் கூப்பிடுங்கள். அந்தந்த ஊர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் போதிகையைப் பார்த்துக் காலம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாலை போதும், பிள்ளைகள் நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலைத் திருப்பணிக் குழுவின் கையில் கொடுங்கள்; அதன் பிறகு அவர்கள் ஒப்பந்தம் பேசட்டும். செம்பியன் மாதேவி ஆயிரம் ஆண்டுக்கு முன் இதைவிடக் கடினமானதைச் செய்தார். படித்து, மறுபடி வெட்டினார். நாம் படித்து, வெட்டாமல் விட்டாலே போதும். தன் கோயிலைப் படிக்கத் தெரிந்த ஊர் அதைச் சிதைக்கச் சம்மதிக்காது என்று நான் முழுமையாக நம்புகிறேன்.